மெல்லிய நூலுக்கும் நோகும் விரலுக்கும் ஏற்ற ஊசி

எங்கள் மூட்டுநோய்ப் பிரிவில் ஒவ்வொரு நோயாளியிடமும் நாங்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: "கைகளால் என்னென்ன வேலை செய்கிறீர்கள்?" பெரும்பாலோர் சமையல், துணி துவைத்தல், கணினி வேலை என விடை கூறுவர். முடக்குவாதத்திற்காகப் பதினோர் ஆண்டுகளாக எங்களிடம் வந்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன், டாக்டர். நீங்கள் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டேன்" என்றார்.

அவர் கூறியது உண்மை. ஈராண்டுகளுக்கு முன் அவருடைய மணிக்கட்டுகளும் விரல் மூட்டுகளும் வீங்கிச் சிவந்திருந்தபோது, பின்னல் வேலையை நிறுத்துமாறு நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். வீக்கம் தணிந்த பின்னர் மீண்டும் தொடங்கலாம் என்று எழுதிக் கொடுக்கவில்லை. மலைப்பகுதியில் வளர்ந்து, பள்ளிப் பருவத்திலேயே கம்பளி நூல் பின்னக் கற்றவர் அவர். மகளுக்குப் பிறக்கவிருந்த குழந்தைக்காக மெல்லிய நூலில் ஒரு லேஸ் சால்வையைத் தொடங்கியிருந்தார். அது பாதியில் நின்று, பையிலேயே கிடந்தது. குழந்தையும் பிறந்துவிட்டது. இரத்தப் பரிசோதனை முடிவுகள் நன்றாக இருப்பதாக நாங்கள் தெரிவித்தபோது, அவர் தலையசைத்தாரேயன்றி மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த முறை வரும்போது அந்தப் பையையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டோம். கைப்பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளரும் நாங்களும் அருகில் அமர்ந்து, அவர் பத்து நிமிடம் பின்னுவதைப் பார்த்தோம். நீண்ட நேர் ஊசிகளின் மேல் சால்வையின் எடை முழுவதும் தொங்கியது. ஊசியின் முனை மழுங்கலாக இருந்ததால், ஒவ்வொரு கண்ணியிலும் அதை நுழைக்க ஆள்காட்டி விரலின் நுனியால் தள்ளினார். பையின் அடியில், மகன் வாங்கித் தந்த மாற்று முனை வட்ட ஊசிகள் புதிதாகவே இருந்தன. "நூல் அதில் சிக்குகிறது, டாக்டர்" என்றார். அவருடைய வலியில் நோயின் பங்கும் இருந்தது. கருவியின் பங்கும் இருந்தது. பின்னதை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை.

அவரிடமிருந்தும் அவரைப் போன்ற வேறு சிலரிடமிருந்தும் கற்றவற்றை, இக்கலையில் ஈடுபாடுள்ள நோயாளிகளுக்கும் அவர்களுக்கு ஊசி வாங்கித் தரும் குடும்பத்தாருக்கும் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

லேஸ் பின்னல் கையிடம் கேட்பது

சாதாரண ஸ்வெட்டர் பின்னலுக்கும் லேஸ் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் நன்று. லேஸில் நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றித் துளை உண்டாக்குகிறோம். அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் இரண்டு அல்லது மூன்று கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுகிறோம். மூன்று மெல்லிய கண்ணிகளுக்குள் ஊசி முனையை ஒருங்கே செலுத்துவதே கைக்கு மிகக் கடினமான கணம். அப்போதுதான் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியை இறுக்கிப் பிடிக்கின்றன. இப்பிடியின் அழுத்தம் பெருவிரலின் அடிமூட்டில் பல மடங்காகப் பெருகி இறங்கும். அம்மூட்டில் தேய்மானம் உள்ளவர்கள் ஊசியைக் கீழே வைத்த பின்னரும் நெடுநேரம் வலியை உணர்வதற்கு இதுவே காரணம்.

இத்தொல்லையை முன்னோர் அறியாதவரல்லர். பிரித்தானியத் தீவுகளின் வடகோடியில் உள்ள ஷெட்லாந்து, லேஸ் சால்வைகளுக்குப் புகழ்பெற்றது. அங்குள்ள அன்ஸ்ட் தீவில், ஆட்டின் கழுத்துப் பகுதியிலிருந்து கையால் பறித்த மென்மயிரை நூற்று, திருமண மோதிரத்தின் வழியே இழுத்துவிடத்தக்க அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பெண்கள் பின்னினர். அவர்கள் இடுப்பில் ஒரு தோல் வாரை அணிவது வழக்கம். அதில் துளைகளிட்ட, உள்ளே மயிர் அடைத்த ஒரு சிறு மெத்தைப் பட்டை இருக்கும். நீண்ட எஃகு ஊசியின் ஒரு முனையை அத்துளையில் செருகிக்கொண்டால், ஊசியின் எடையை இடுப்பு தாங்கும். கைக்கு நூலை நகர்த்தும் வேலை மட்டுமே எஞ்சும். எடையை மணிக்கட்டிலிருந்து உடலுக்கு மாற்றுதல் என்னும் இக்கொள்கையையே நாங்கள் இன்று மூட்டுப் பாதுகாப்புப் பயிற்சியில் கற்பிக்கிறோம்.

வட்ட ஊசியும் இதே பணியை வேறு வழியில் செய்கிறது. இரண்டு குறுகிய ஊசிகளை ஒரு வளையும் கேபிள் இணைக்கிறது. பின்னிய பகுதி அக்கேபிளில் சேர்ந்து மடியில் படிந்துவிடுவதால், அதன் எடை மணிக்கட்டில் தொங்குவதில்லை. பெயர் வட்ட ஊசியாயினும், சால்வை போன்ற தட்டையானவற்றையும் முன்னும் பின்னுமாகத் திருப்பி இதில் பின்னலாம். மாற்று முனை வகையில் ஊசி முனைகளைக் கேபிளிலிருந்து கழற்றி, வேறு தடிமனுள்ள முனைகளைப் பொருத்தலாம்.

அளவில் ஏமாறாதீர்கள்

ஊசியின் தடிமனை மில்லிமீட்டரில் மட்டுமே கேளுங்கள். நம் நாட்டுக் கடைகளில் பழைய பிரித்தானிய எண்கள் இன்னும் வழங்குகின்றன; இணையத்தில் அமெரிக்க எண்கள் வழங்குகின்றன. இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. பிரித்தானிய எண் 10 என்பது 3.25 மி.மீ.; அமெரிக்க எண் 10 என்பது 6 மி.மீ. எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் ஏறத்தாழ இருமடங்கு தடித்த ஊசி வீட்டுக்கு வந்து சேரக்கூடும்.

லேஸுக்குரிய மெல்லிய நூல் 100 கிராமில் 600 முதல் 800 மீட்டர் வரை இருக்கும். சிலந்தி வலை போன்ற ஒற்றைப் புரி நூலாயின் 1,400 மீட்டர்கூட இருக்கலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 4 மி.மீ. வரையான ஊசிகள் போதும். துளைகள் திறந்து தெரியவேண்டும் என்பதற்காக, அதே நூலை நெருக்கமாகப் பின்னத் தேவைப்படும் ஊசியைவிடச் சற்றுத் தடித்ததையே லேஸுக்குத் தேர்வர். விரல் நோயுள்ளவர்களுக்கு இது நற்செய்தி: கண்ணிகள் தளர்வாக அமைவதால் முனையை நுழைக்க வலிந்து தள்ள வேண்டியதில்லை.

மாற்று முனைகளுக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. வலக்கையில் வேலைக்குரிய அளவையும், இடக்கையில் அதைவிட ஓர் அளவு மெல்லிய முனையையும் பொருத்திக்கொள்ளலாம். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலக்கை முனையே. இடப்புற முனை மெலிந்திருப்பதால் கண்ணிகள் எளிதில் வழுக்கி வரும். நேர் வரிசையாகத் திருப்பிப் பின்னுவோர் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் முனைகள் இடம் மாறுவதை நினைவில் கொள்ள வேண்டும். ஆதலால் இம்முறை ஒரே திசையில் சுற்றிப் பின்னும் வேலைகளுக்கே முழுதும் பொருந்தும்.

முனை, இணைப்பு, கேபிள்

வாங்குமுன் மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, முனை. மூன்று கண்ணிகளை ஒன்றாக்க, நீண்டு கூர்மையாகச் செதுக்கிய முனை வேண்டும். எனினும் கூர்மை எல்லார்க்கும் ஒரே வகையில் நன்மை தருவதன்று. நீரிழிவினால் விரல் நுனியில் உணர்ச்சி குன்றியவர்கள், முனையை விரலால் தள்ளும் பழக்கமுடையவராயின், குத்துக்காயத்தை அறியாமலே இருந்துவிடுவர். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும், முடக்குவாதத்திற்காக எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உட்கொள்வோரும் சிறு காயத்தையும் பொருட்படுத்த வேண்டும். இவர்கள் நடுத்தரக் கூர்மையுள்ள முனையைத் தேர்வதும், தையற்காரர் அணிவதைப் போன்ற தோல் விரலுறை அணிவதும், வேலை முடிந்ததும் விரல் நுனிகளைக் கண்ணால் பார்ப்பதும் நல்லது. முறுக்குத் தளர்ந்த நூலை மிகக் கூர்மையான முனை பிளந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

இரண்டாவது, முனையும் கேபிளும் சேரும் இணைப்பு. எங்கள் ஆசிரியையின் நூல் சிக்கியது இங்கேதான். தடித்த நூலுக்குத் தெரியாத சிறு படி, மெல்லிய நூலுக்கு வேலியாகிவிடும். ஒவ்வொரு முறையும் சிக்கிய கண்ணிகளை நகத்தால் நெம்பி நகர்த்துவது, வீங்கிய மூட்டுக்குத் தேவையற்ற துன்பம். கடையில் வாங்குவதாயின், ஒரு பட்டு இழையை இணைப்பின்மேல் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் நூலும் தடுக்கும்.

இணைப்பு வகைகளும் கருதத்தக்கவை. பலவற்றில் முனையைத் திருகிப் பொருத்தி, சிறு சாவி போன்ற கம்பியைக் கேபிளின் துளையில் செருகி இறுக்க வேண்டும். ஜெர்மானியத் தயாரிப்பான அடி கிளிக் வகையில் அழுத்திச் சற்றே திருப்பினால் பூட்டிக்கொள்ளும், சாவி தேவையில்லை. திருகு வகை வேலை நடுவே தளர்ந்தால் இடைவெளியில் மெல்லிய நூல் புகுந்து அறுபடக்கூடும். ஆகையால் ஒவ்வொரு முறை அமரும்போதும் இணைப்பை ஒருமுறை சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, கேபிள். சுருண்டே நிற்கும் விறைப்பான கேபிள் ஒவ்வொரு திருப்பத்திலும் மணிக்கட்டை எதிர்த்து முறுக்கும். கையில் எடுத்தால் தளர்ந்து தொங்கும் கேபிளே நன்று. நைலான் கேபிள் சுருண்டிருந்தால் வெந்நீரில் சிறிது நேரம் இட்டு நேராக்கலாம். சீனத் தயாரிப்பான சியாவ்கூ ஊசிகளின் சிவப்புக் கேபிள், பல இழை எஃகுக் கம்பியின்மேல் நைலான் பூசியது. அது சுருள் நினைவு கொள்வதில்லை. சால்வைக்கு, முனைகளையும் சேர்த்து 80 செ.மீ. நீளம் பெரும்பாலும் வசதியானது.

முனையின் நீளத்தையும் கேட்டறிக. 10 செ.மீ. முனைகளும் ஏறத்தாழ 13 செ.மீ. முனைகளும் கிடைக்கின்றன. குறுகிய முனையை விரல் நுனிகளாலேயே கிள்ளிப் பிடிக்க நேரிடும். நீண்டது உள்ளங்கையில் சாய்ந்து நிற்கும். மூட்டு நோயுள்ள கைகளுக்குப் பெரும்பாலும் நீண்டதையே பரிந்துரைக்கிறோம்.

எந்தப் பொருளால் ஆனது?

மெல்லிய அளவுகளில் மரத்திற்கும் உலோகத்திற்கும் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. வழுக்கும் தன்மையும் குளிர்ச்சியுமே முதன்மையாகக் கருதத்தக்கவை.

எஃகு முனையில் கம்பளி நூல் தடையின்றி நகரும். தள்ளும் விசை குறைவு. ஆனால் பட்டு கலந்த வழுக்கும் நூலை எஃகில் ஏற்றினால் கண்ணிகள் நழுவும். நழுவிவிடுமோ என்னும் அச்சத்திலேயே கை இறுகும். அத்தகைய நூலுக்கு மரமோ மூங்கிலோ ஏற்றது. குளிரில் விரல்கள் வெளுத்து, பின்னர் நீலம் பாரிக்கும் ரேனாட் தொல்லை உள்ளவர்களுக்கும் மர ஊசியே இதம். உலோகம் விரலின் வெப்பத்தை விரைந்து கவர்ந்துவிடும். இந்தியத் தயாரிப்பான நிட்புரோவின் சிம்ஃபொனி வகை, பிர்ச் மரத்தின் மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அதே நிறுவனத்தின் கார்பன்ஸ் வகையில் தண்டு கார்பன் இழையாலும் முனை உலோகத்தாலும் ஆனது. 2.5 மி.மீ.க்குக் கீழே மர ஊசி, இறுக்கிப் பிடிப்போர் கையில் ஒடிந்துவிடக்கூடும்.

கவரிங் நகையோ கைக்கடிகாரப் பட்டையோ அணிந்த இடத்தில் அரிப்பும் தடிப்பும் தோன்றுபவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். நிக்கல் முலாம் பூசிய ஊசிகள் அவர்களுக்கு ஆகா. மரம் அல்லது மூங்கில் பாதுகாப்பானது.

நிறுவனப் பெயர்களை வேறுபாடு விளங்குவதற்காகவே குறித்தோம். எதையும் வாங்குமாறு பரிந்துரைப்பது எங்கள் நோக்கமன்று.

செட்டாக வாங்கலாமா?

பெரிய செட் அழகிய பரிசாகத் தோன்றும். ஆனால் பல செட்டுகள் 3.5 மி.மீ. அளவிலிருந்தே தொடங்கி மேலே செல்கின்றன. திருகாணியை மெல்லிய தண்டுக்குள் அமைப்பது கடினமாதலால் சிறிய அளவுகள் தனிச் செட்டாக, தனிக் கேபிளுடன் விற்கப்படுகின்றன. எங்கள் ஆசிரியையின் மகன் வாங்கியதில் அவருடைய நூலுக்குப் பொருந்தியது ஓர் இணை மட்டுமே. மெல்லிய நூலில் பின்னுவோர் முதலில் ஓர் இணை முனையும் ஒரு கேபிளும் வாங்கி, இரண்டு வாரம் பயன்படுத்திய பின் மற்றவற்றை வாங்குவது நல்லது. 2.5 மி.மீ.க்கும் மெலிந்த ஊசி மட்டுமே தேவைப்படுவோர்க்கு, இணைப்புத் தளராத நிலையான வட்ட ஊசியே போதுமானது, விலையும் குறைவு.

அவ்வாறாயின் மாற்று முனையால் என்ன பயன் என வினவலாம். நோயாளியின் நோக்கில் இரண்டு பயன்கள் உண்டு. கை நோகும் கணத்தில், வரிசை முடியும்வரை காத்திராமல் நிறுத்திவிடலாம். முனைகளைக் கழற்றிக் கேபிளின் இருபுறமும் மூடிகளைத் திருகிவிட்டால் கண்ணிகள் நழுவா. மேலும், சாவி நுழையும் சிறு துளையில் ஒரு மெல்லிய பருத்தி நூலைக் கோத்துவிட்டுப் பின்னினால், அந்நூல் தானாகவே அவ்வரிசைக் கண்ணிகள் எல்லாவற்றிலும் ஊடுருவிச் செல்லும். பின்னர்த் தவறு நேர்ந்தால் அவ்வரிசை வரை அச்சமின்றிப் பிரிக்கலாம். தவறிவிடுமோ என்னும் கவலை குறைந்தால் பிடியின் இறுக்கமும் குறைவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

சாவியால் இணைப்பை இறுக்கும் வேலையை நீங்கள் செய்து கொடுங்கள். ஊசியைப் பின்னுவதைவிடச் சாவியைத் திருகுவதே நோயுற்ற பெருவிரலுக்குக் கடினம். ஊசியில் பொறித்த எண் தேய்ந்து மறையும். துளையிட்ட அளவுப் பலகை ஒன்றை வாங்கி வையுங்கள். பின்னி முடித்த லேஸை நனைத்து, விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி உலர்த்தினால்தான் அதன் வடிவம் வெளிப்படும். நூற்றுக்கு மேற்பட்ட குண்டூசிகளைக் குனிந்து குத்தும் அவ்வேலையை முழுவதும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

"கையைக் கெடுத்துக்கொள்ளாதே அம்மா" என்று தடுக்கும் அன்பை நாங்கள் மதிக்கிறோம். அத்தவற்றை நாங்களும் செய்தோம். தடுப்பதற்கு முன், எந்த அசைவில் வலிக்கிறது என்று கேளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

மூட்டு வீங்கி, சிவந்து, சூடாக இருக்கும் நாள்களில் பின்னல் வேண்டாம். மற்ற நாள்களில், காலை விறைப்பு நீங்கிய பின் அமருங்கள். முழங்கைகளுக்குக் கீழே தலையணை வைத்து, தோள்களைத் தளர்த்தி, பதினைந்து அல்லது இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரியுங்கள். வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்தும் முன்பிருந்ததைவிட வலி மிகுந்திருந்தால், அன்று அளவு மீறிவிட்டதென்று பொருள். மறுநாள் பாதி நேரம் போதும்.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போதல், இரவில் அம்மரப்பால் விழித்தெழுந்து கையை உதற நேர்தல், பிடித்த பொருள் நழுவுதல் ஆகியவை மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறிகளாகலாம். ஊசியை மாற்றி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள், எங்களிடம் வாருங்கள்.

எங்கள் ஆசிரியை இப்போது நீண்ட முனையுள்ள 3.25 மி.மீ. மர ஊசியில், நாளொன்றுக்கு இருமுறை இருபது நிமிடம் பின்னுகிறார். நோய் முற்றும் அகன்றுவிடவில்லை, மருந்துகள் தொடர்கின்றன. மழைக்காலத்தில் மூன்று வாரம் வீக்கம் திரும்பியபோது, கேபிளுக்கு மூடியிட்டுப் பையில் வைத்துவிட்டார். அம்முறை, மீண்டும் தொடங்க வேண்டிய நாளையும் அவருடைய மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். குழந்தையைப் பொதிய எண்ணிய சால்வை, நடக்கத் தொடங்கிவிட்ட பேத்தியின் தோளுக்கு ஏற்ப இப்போது சிறிய முக்கோணமாக மாறியிருக்கிறது. இன்னும் நாற்பது வரிசைகள் இருக்கின்றன என்றார்.

கைவேலை உள்ளவர்கள் அடுத்த முறை வரும்போது பரிசோதனை முடிவுகளோடு அந்தப் பையையும் எடுத்து வாருங்கள். பத்து நிமிடம் உங்களருகில் அமர்ந்து பார்க்கிறோம்.